எழுதிக் கொடுத்தவர்கள்

என் தங்கை போன் செய்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் போனை எடுக்கிற ஆசிரியர்களை முகத்துக்கு நேராகத் திட்டியவள் நான். மூன்றாவது முறையும் மேசைமேல் அது அதிர்ந்ததும் பொறுக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"அக்கா, ரெண்டு பேரு வந்து டேப்பு வச்சி வூட்ட அளக்கிறானுங்கக்கா."

"எந்த வூட்ட?"

"நம்ம வூட்டத்தான். வேலைக்குக் கெளம்பிக்கினு இருந்தேன். படலத் தொறந்துக்கினு உள்ள வந்துட்டானுங்க. யாருய்யா நீங்கன்னு கேட்டா, உங்க அண்ணன் சொல்லித்தாம்மா வந்தோம்ங்கிறானுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அளக்கட்டும். அளந்துட்டுப் போவட்டும். நீ ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடாத. நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். 'நான் பாத்துக்கிறேன்' என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம். எங்கள் வீட்டில் அதை நம்பாதவர்கள் யாரும் கிடையாது.

வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடலூர்த் துறைமுகத்துக்கு வடக்கே, கடலோர கிராமம் ஒன்றில் ஐந்து சென்ட் மனை, அதில் ஓடு போட்ட இரண்டு அறை. அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. அண்ணனுக்குக் கடலூர் டவுனில் சொந்த வீடு இருக்கிறது. நான் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்துவிட்டேன். ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. தங்கையின் புருஷன் திருப்பூர் போனவன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். குழந்தையும் இல்லை. அவள் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த அடுத்த வருடமே அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். நான்கு வருடம் அவரைக் குளிப்பாட்டி, பீமூத்திரம் அள்ளி, ஊட்டிவிட்டது அவள்தான். அண்ணனும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். அப்பா போன பிறகு அவள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். காலையிலிருந்து கடை சாத்துகிறவரை நின்றுகொண்டே செய்கிற வேலை. உட்கார்ந்தால் திட்டு. அந்த ஓட்டு வீடு ஒன்றுதான் அவள் காலை நீட்டிப் படுக்கிற இடம். என் வீட்டில் மாமியாரையும் சேர்த்து ஐந்து பேர், இரண்டே அறை. அந்த ஓட்டு வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்ப்யூட்டர் டீச்சரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று இப்போது யாரையும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்று ஊருக்கே உபதேசம் செய்தவள் நான். ஆனால் நானாக ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. மாவட்டம் கேட்டது, வட்டம் கேட்டது, கிராமம் கேட்டது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே இரண்டு கிராமம் இருந்தது, எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். பிறகு சர்வே எண் கேட்டது. பழைய சிட்டாவின் ஜெராக்ஸ் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கும் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் கடையிலிருந்து பர்மிஷன் போட்டு ஓடி, போட்டோ எடுத்து அனுப்பினாள். எண்ணைப் போட்டால் போனுக்கு ஓ.டி.பி. வரவில்லை. அது வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. அடுத்து, கோணல்மாணலாக இருக்கிற எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடி என்றது. மூன்று முறை தப்பாக அடித்தேன்.

"டீச்சர், கண்ணாடிய மாத்துங்க" என்று கம்ப்யூட்டர் டீச்சர் சிரித்தார்.

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு. இவனுங்க கையெழுத்துதான் சரியில்ல."

நான்காவது முறை திறந்தது. பட்டா எண், சர்வே எண், பரப்பு எல்லாம் சரி. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. எங்கள் அப்பா பெயர், அதை அடுத்து 'மகன்', அதை அடுத்து அண்ணன் பெயர். கீழே தள்ளிப் பார்த்தேன். மேலே தள்ளிப் பார்த்தேன். 'மகள்' என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

முதலில் எனக்குக் கோபம் அண்ணன்மேல் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர்மேல்தான் வந்தது. ஏனென்றால் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தோம். அப்பா பேரிலிருந்து நம் பேருக்கு மாற்ற வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டிருந்தார். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். மூன்று பேர் பேரும் போயிருக்க வேண்டும், இரண்டை எவனோ விட்டுவிட்டான். அப்படித்தான் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாலு முறை செய்தும் எடுக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுக் கடலூர் பஸ் ஏறி, தங்கையையும் கூட்டிக்கொண்டு கிராம ஆபீசுக்குப் போனேன். கிராம நிர்வாக அலுவலர் சின்ன வயசுக்காரர், என் மகன் வயது இருக்கும். போன வேகத்திலேயே பிடித்துக்கொண்டேன். "பொம்பளப் புள்ளைங்கன்னா உங்களுக்கு எழுத எடமில்லையா சார்? பேனாவுல மை தீந்துபோச்சா?" என்றேன். தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கோபப்படவில்லை. "நான் எழுதலம்மா. பத்திரம் பதிவானா இப்பல்லாம் பட்டா அதுவாவே மாறிடும். பத்திரத்துல இன்னா இருக்கோ அதான் இங்க வரும். வில்லங்கம் போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்" என்றார். வில்லங்கம் என்றால் வம்பு என்று நினைத்துத் தங்கை மிரண்டு என்னைப் பார்த்தாள். ஒரு நிலத்தின்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற சான்றிதழுக்கு அந்தப் பெயர் என்று வழியெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். சொல்லுக்குப் பொருள் சொல்வதென்றால் எனக்கு அவ்வளவு இஷ்டம்.

மஞ்சக்குப்பத்தில் ஆபீசுகளுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு அம்மாள் நடத்துகிறார். சர்வே எண்ணைப் போட்டு அவர் இங்கிலீஷில் எடுத்தார், தமிழில் எடுத்தால் எழுத்து உடைந்துபோய் வருகிறதாம். அப்பா வாங்கிய கிரயம் ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி.

"ரிலீஸ் பண்ணிக் குடுத்திருக்கீங்களே மேடம்" என்றார் அந்த அம்மாள், வெகு சாதாரணமாக. "எழுதிக் குடுத்தவங்க ரெண்டு பேரு. எழுதி வாங்கினவரு ஒருத்தரு. குடும்பத்துக்குள்ள பண்ணினது."

எழுதிக் கொடுத்தவர்கள் என்ற இடத்தில் முதலில் என் பெயர், இரண்டாவது தங்கை பெயர். எங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக இருந்தது. தேதி, நாங்கள் மூன்று பேரும் போன அதே நாள்.

"அடப்பாவி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆதார் எடுக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நாம போட்டது பேர் மாத்தத்துக்குடி. அதுக்கு நடுவுல இன்னொரு பத்திரத்தச் சொருவி கையெழுத்து வாங்கியிருக்கான்!"

தங்கை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணனாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அண்ணனாவது கிண்ணனாவது. சும்மா வுட்டுடுவேனா நான்?"

அந்த அம்மாளிடமே பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடச் சொன்னேன். சில நாளில் போனுக்கே வந்துவிடும் என்றார். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? அங்கேயே உட்கார்ந்து கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதினேன். முழுத்தாளில் இரண்டு பக்கம். எங்கள் அறியாமையைப் பயன்படுத்தி, பெயர் மாற்ற ஆவணங்களுக்கிடையே விடுதலை ஆவணம் ஒன்றை இடைச்செருகலாக வைத்து என்று எழுதினேன். பழைய நூல்களில் பிற்காலத்தவர் நுழைத்த பாட்டை இடைச்செருகல் என்போம். அந்தச் சொல் சரியாக வந்து விழுந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. எனக்கு லீவு இல்லாததால் திங்கட்கிழமை தங்கை தனியாகப் போய், கடையில் ஒருநாள் சம்பளத்தை விட்டு, வரிசையில் நின்று அதைக் கொடுத்தாள். "மனு ரொம்ப நல்லா எழுதியிருக்குன்னு அங்க ஒருத்தரு சொன்னாருக்கா" என்று போனில் சொன்னாள். குரலில் பெருமை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நகல் வந்தது. ஆசிரியர் அறையில் தனியாக இருந்தேன், விடைத்தாள் கட்டு எதிரில். போனில் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

முதல் பக்கம் முத்திரைத்தாள். அதன் நெற்றியில் தடித்த எழுத்தில், கீழே கோடு போட்டு, 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. அதே பக்கத்தின் கீழே என் கையெழுத்து. வேறு எவனும் போட்டது இல்லை, என்னுடையதுதான். கடைசி எழுத்துக்குச் சுழி போட்டு அடியில் ஒரு கோடு இழுப்பேன், அந்தக் கோடும் இருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தங்கையுடையது, ஓரெழுத்து ஓரெழுத்தாகக் கூட்டிப் போட்டது. எல்லாப் பக்கத்திலும் அப்படியே. மொத்தமும் ஒரே பத்திரம். இடையில் எதுவும் செருகப்படவில்லை.

எனக்கு அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. அதுவரை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றோம். நான் அரைநாள் லீவில்தான் வந்திருந்தேன், மதியம் பள்ளியில் இருந்தாக வேண்டும். அதனால் பத்திர எழுத்தரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். அவர் தாள்களை என் கையில் கொடுத்து, "படிச்சிப் பாத்துக்கங்கம்மா" என்றார். நான் தலைப்பைப் படித்தேன். தங்கை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

"விடுதலைன்னு போட்டிருக்கே. இன்னாக்கா அது?"

அப்பா செத்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. சாவுக்கு வந்த ஒவ்வொருவரும், நான்கு வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது, அழாதீங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். காரியம் முடிகிறவரை அந்தச் சொல் எங்கள் வீட்டில் அத்தனை முறை கேட்டது. என் காது முழுக்க அதுதான் இருந்தது.

நான் தங்கையிடம் சொன்னேன்: "அப்பா பேர நெலத்துலேருந்து விடுவிக்கிறாங்கடி. அவர விடுதல பண்ணிட்டு நம்ம பேருக்கு மாத்துவாங்க. அதான் பேர் மாத்தம்."

இதை நான் தயங்கித் தயங்கிச் சொல்லவில்லை. வகுப்பில் சொற்பொருள் சொல்கிற மாதிரி, கையை ஆட்டி, தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு பொருத்தமான சொல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தங்கை அழுதாள். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார்.

உள்ளே பதிவாளர் எங்கள் முகத்தைப் பார்த்து, "படிச்சுப் பார்த்தீங்களா? சம்மதம்தானே?" என்று கேட்டார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். இருவருக்கும் சேர்த்து நான்தான் பதில் சொன்னேன்: "படிச்சுட்டோம் சார். நான் தமிழ் டீச்சர்."

முதுகலைத் தமிழ். இருபத்திரண்டு வருடப் பாடம். விடுதலைப் பத்திரம் என்றால் தன் உரிமையைத் தானே விட்டுவிடுவதாக எழுதிக் கொடுப்பது என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரியாததுகூடப் பெரிதில்லை. தலைப்புக்கு அடுத்த வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை. படித்துவிட்டேன் என்றேன்.

அந்தப் பிடிஎஃப் கோப்பை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழித்து என்ன, ஆன்லைனில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள்.

அன்று மாலை தங்கை போனில், "நகல் வந்துச்சாக்கா?" என்றாள்.

"இன்னும் வரல" என்றேன்.

அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும், 'சரிக்கா, வந்தா சொல்லு' என்பாள். நம்பினாள். நான் சொன்னால் நம்புவது அவளுக்குப் பழக்கம். நான் மட்டும் தனியாக ஒரு வக்கீலைப் பார்த்தேன், சிதம்பரத்தில், மேல வீதிப் பக்கம். அவர் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏமாத்தி வாங்கினதுன்னு கேஸ் போடணும்னா, படிக்கத் தெரியாதவங்களா இருந்தா ஒரு வழி இருக்கும். நீங்க தமிழாசிரியை. தமிழ்ல எழுதின பத்திரம் புரியலன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்" என்றார். பிறகு, "உங்க தங்கச்சி வேணா போடலாம். அக்கா தப்பாப் படிச்சிச் சொன்னாங்க, அத நம்பிப் போட்டேன்னு. அண்ணனோட உங்களையும் பிரதிவாதியா சேர்க்கணும். அப்பவும் கேஸ் நிக்கிறது கஷ்டம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்கவில்லை. தங்கையிடம் சொல்லவும் இல்லை.

மனு போலீஸ் விசாரணைக்குப் போயிருந்தது. மூன்று பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அண்ணன் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடி ரொம்ப நரைத்திருந்தது. தங்கை என் பக்கத்தில் நெருங்கி நின்றாள், கையில் மனுவின் ஜெராக்ஸ்.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். முதலில் அண்ணனைக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொருவல சார்" என்றார் அண்ணன். "எங்க ஊர்ல எல்லா வூட்லயும் அப்பா செத்தா அக்கா தங்கச்சிங்க எழுதிக் குடுக்கிறதுதான் வழக்கம். எங்க அத்தைங்க எங்க அப்பாவுக்கு எழுதிக் குடுக்கலையா? இதுங்களுக்கும் நக போட்டுக் கல்யாணம் பண்ணியாச்சு. மேல கொட்ட எழுத்துல விடுதலைன்னு போட்டிருந்துச்சி. இவ டீச்சரு சார். நான் எட்டாவது. இவளுக்குப் போயி நான் படிச்சிக் காட்டணுமா?"

"அப்பாவ நாலு வருசம் பாத்துக்கிட்டவ அந்த வூட்ல இருக்காளே, அவ எங்க போவா?" என்று நான் கத்தினேன்.

"அத அன்னிக்கே நீ கேட்டிருக்கணும்" என்றார் அண்ணன். "நீ எதுவும் கேக்கல. நாங்கூட மனசுக்குள்ள நெனச்சேன், பரவால்ல, தங்கச்சிங்க பெரிய மனசோட எழுதிக் குடுக்கிறாளுங்கன்னு. இப்ப எனக்குக் கஷ்டம், விக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்த நகலை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கையெழுத்து உங்களுதாம்மா?"

தங்கை எட்டிப் பார்த்தாள். அந்த நகலை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். எனக்கு அது வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

"ஆமா சார்."

"வேற ஏதாவது பத்திரத்துல அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்களா? இதுக்கு நடுவுல இது சொருவினதா?"

இல்லை என்று சொன்னால் மனு பொய். ஆமாம் என்றால் அங்கேயும் நான் சொல்வது பொய். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. அக்கா இப்போது சொல்லப்போகிறாள், இவர்கள் வாயடைத்துப்போவார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

"இல்ல சார். இது ஒண்ணுதான். இதத்தான் போட்டோம்."

"அப்ப படிச்சுத்தான் போட்டீங்க?"

"தலைப்ப மட்டும் படிச்சேன்" என்றேன். "அவளுக்கும் நாந்தான் தப்பா அர்த்தம் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல சார்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதினார். சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வெயில். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்று, 'திருப்பாப்புலியூரு, திருப்பாப்புலியூரு' என்று கூப்பிட்டுவிட்டுப் போனது. அவள் ஏறவில்லை.

"அந்த நகலு எப்ப வந்துச்சிக்கா?"

சொன்னேன்.

"அன்னிக்கு மரத்தடில நீ படிக்கலயா?"

"படிக்கலடி."

"அப்பறம் ஏங்க்கா படிச்சிட்டேன்னு சொன்ன?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சிண்டைப் பிடித்து நடுரோட்டில் இழுத்திருந்தாலும் சரி என்று நின்றிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சருக்குத் தெரியாது என்று அந்த எழுத்தர் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது?

வக்கீல் சொன்னதை அப்போதுதான் சொன்னேன்; கேஸ் போடலாம், என்னையும் சேர்த்துப் போடு, கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். "எத்தன வருசம் ஆவும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கடையில லீவு தர மாட்டாங்க" என்றாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அடுத்து வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அண்ணன் இரண்டு மாதம் டைம் கொடுத்தார். தங்கை ஒன்றரை மாதத்திலேயே காலி செய்தாள். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை பார்த்திருந்தாள். படுத்தால் கால் கதவில் இடிக்கும். நான் போனபோது சாமான் பாதி வாசலிலேயே இருந்தது. வீட்டுக்கார அம்மாள் வாடகை ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார், முத்திரைத்தாளில் மூன்று பக்கம். "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா" என்று நீட்டினார்.

நான் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். "குடு, நான் பாக்கிறேன்."

தங்கை தாளை என் கைக்கு எட்டாமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. கூட்டத்தில் கைப்பையை நகர்த்தி வைத்துக்கொள்வோமே, அப்படி. மூட்டைமேல் உட்கார்ந்து, முதல் வரியில் விரலை வைத்து, வாய்விட்டுக் கூட்டிக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவள் ஏழாவதோடு நின்றவள். ஒவ்வொரு வரிக்கும் நேரமானது. வீட்டுக்கார அம்மாள் பொறுமையில்லாமல் கதவுநிலையில் சாய்ந்தார்.

இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "மரா... மராமத்து" என்றாள். மறுபடியும் படித்தாள். பொருள் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக யார் சொல்லில் தடுக்கினாலும் வாய் தானாகத் திறக்கிறவள் நான். அவள் தலையை நிமிர்த்தி, என்னைத் தாண்டி, வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தாள்.

"இது இன்னாம்மா அர்த்தம்?"

"ரிப்பேரும்மா. ஏதாவது ஒடஞ்சா யாரு சரி பண்றதுன்னு போட்டிருக்கு."

"யாரு பண்றது?"

"நீதான்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தைத் திருப்பும்போதுதான் நான் இன்னும் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்தது போல.

"நீ போக்கா" என்றாள். "நான் படிச்சி முடிக்க நேரமாவும்."